புடலங்காயின் நுனியில் கல்

இக்கதையைக் கேட்பவர் முதலில் அறிய வேண்டியது இது. அந்தக் காலத்தில் கொடிகளும் பேசின, காற்றும் பேசியது. புடலம்பூ பட்டப்பகலில் மலர்ந்தது. அதன் இதழ்கள் கிழிசலின்றி முழுமையாக இருந்தன. பங்குனியில் எழும் சூறைக்காற்றுக்கோ ஓர் உரிமை இருந்தது. மண்ணைத் தொடாமல் அந்தரத்தில் ஆடும் காய் எதுவாயினும் அதனை அது பறித்துக்கொள்ளலாம். மண்ணைத் தொட்டிருக்கும் காயின்மேல் மட்டும் அது கைவைக்கக் கூடாது.

வெள்ளைநாச்சி என்பவள் தன் வீட்டுக் கொல்லையில் பந்தலிட்டு ஒரு புடலங்கொடியை வளர்த்துவந்தாள். அதன் கீழே தரையோடு தரையாக ஒரு பூசணி படர்ந்திருந்தது. அவ்வாண்டுப் பங்குனி ஒரு நிலையில் நிற்கவில்லை. காலையில் வெயில் கொளுத்தியது. மாலையில் வானம் கறுத்து, காற்று கூரைகளைப் பிய்த்தது. சுற்றியிருந்த கொல்லைகளின் புடலங்காய்கள் எல்லாம் சூறையோடு போயின. வெள்ளைநாச்சியின் பந்தலில் மட்டும் ஒரே ஒரு காய், அடர்ந்த இலைகளுக்குள் மறைந்து தப்பியிருந்தது. அதுவும் போனால் விதை இல்லை. விதை இல்லையேல் புடலின் குலமே இல்லை.

“ஆத்தா, பிள்ளை ஆடிக்கிட்டே இருக்கு. எனக்கு ஈரக்கொலை நடுங்குது” என்றது கொடி.

“உசரத்துல குடியேறினப்ப என்னைப் பார்த்துச் சிரிச்சியே அக்கா, இப்ப என்னவாம்?” என்று கீழிருந்து பூசணி கேட்டது. “என்னைப் பாரு, உட்கார்ந்த இடத்தை விட்டு நான் எழுந்திரிக்கிறதே இல்ல.”

“சும்மா கிடடி குண்டச்சி!” என்று வெள்ளைநாச்சி அதட்டினாள்.

மறுநாள் விடியலில் வானம் கழுவிவிட்டது போலிருந்தது. வெள்ளைநாச்சி அண்ணாந்து பார்த்தாள். “இனிமே காத்து வராது. நல்லா வெயில் பட்டா விதை சீக்கிரம் முத்திடும்” என்று சொல்லி, காயை மறைத்திருந்த இலைகளைக் கிள்ளத் தொடங்கினாள்.

“வேணாம் ஆத்தா. இந்த வானத்தை நம்பாதே” என்றது கொடி.

“எத்தனை பந்தல் போட்டவ நான்? எனக்கே சொல்றியா?”

இலைகள் உதிர்ந்தன. காய் வெட்டவெளியில் தொங்கியது. வெயிலைக் கண்ட பூக்களும் வாய் விரித்தன.

நண்பகலில் தென்மேற்கே ஒரு மேகம் எழுந்தது. காக்கைகள் கரைவதை நிறுத்தின. ஆலங்கட்டிகள் விழுந்தன, விரிந்திருந்த இதழ்கள் ஒவ்வொன்றும் நார்நாராகக் கிழிந்தன. பிறகு மழை நின்றது. ஓர் இலைகூட அசையவில்லை. ஆலங்கட்டியைவிட அந்த அசைவின்மையே கொடியை அதிகம் அஞ்சவைத்தது.

வேலிக்கு அப்பால் ஒரு குரல் கேட்டது.

“இங்கே ஆடுவது எது?”

வேலி சாய்ந்தது. காற்றின் விரல்கள் முதலில் பூசணியைத் தடவின. “நீ மண்ணில் இருக்கிறாய்” என்றது காற்று. ஓயாமல் பேசும் பூசணி இன்னும் தாழ்ந்து மண்ணோடு ஒட்டிக்கொண்டது. விரல்கள் பந்தற்காலைப் பற்றி மேலே ஏறின.

வெள்ளைநாச்சி காயைப் பிடித்துத் தரையை நோக்கி இழுத்தாள். நுனி மண்ணுக்கு எட்டவில்லை. மேலும் இழுத்தால் காம்பு அறுந்துவிடும். “ஐயோ, எட்டலையே!” என்று பதறியவள், “இது மண்ணுக்கு வராட்டி, மண்ணு இதுகிட்ட வரட்டும்” என்று ஒரு பிடி மண்ணை அள்ளி நுனியில் அப்பினாள். ஈரமண் கரைந்து வழிந்தது. மண்ணுக்குள் புதைந்துகிடந்த கல்லொன்றை நகத்தால் தோண்டி எடுத்தாள். முந்தானையைக் கிழித்து அதனைக் காயின் நுனியில் கட்டினாள்.

“வலிக்குது ஆத்தா” என்று முனகியது காய்.

“பொறுத்துக்கோ கண்ணு. சத்தம் போடாதே.”

காற்றின் விரல்கள் காம்பிலிருந்து மெல்ல இறங்கின. காயின் உடலைத் தடவின. நுனியில் கல்லைத் தொட்டதும் நின்றன. நெடுநேரம் அங்கேயே இருந்தன.

“இது மண்ணின் எலும்பு” என்றது காற்று. “ஆகவே எனக்கு இன்று உரிமை இல்லை. ஆயினும், காய் கொடியில் இருக்கும்போதே இக்கல்லை அவிழ்க்கும் ஒருத்தி என்றேனும் வருவாள். அன்று ‘ஆடுவது எது’ என்று நான் கேட்கமாட்டேன்; பறித்துக்கொள்வேன்.”

அது போன பிறகும் வெள்ளைநாச்சி காயைவிட்டுக் கையை எடுக்கவில்லை. கல்லைச் சுமந்தபடியே அக்காய் சிவந்து பழுத்து வெடித்தது. அதன் விதைகள் எல்லாக் கொல்லைகளிலும் முளைத்தன. அதன் அச்சமும் அவற்றோடு முளைத்தது.

பின்னர் உறுதியானவை இவை. புடலம்பூ பகலை நம்புவதில்லை; பொழுது சாய்ந்த பின்னரே மலர்கிறது, நார்நாராகக் கிழிந்த இதழ்களோடு. புடல் வளர்ப்போர் பிஞ்சு நீளத் தொடங்கியதும் அதன் நுனியில் கல் கட்டுகின்றனர். காயைக் கையில் ஏந்திப் பறித்த பின்னரே அதனை அவிழ்க்கின்றனர். கல் கட்ட மறந்த பிஞ்சோ, அன்று முதல்தான், காற்றே இல்லாத நாளிலும் தன் நுனியைச் சுருட்டிச் சுருட்டித் தனக்குள்ளேயே ஒளித்துக்கொள்கிறது.