கொத்தளூர் அரண்மனைக்கு மாடர்ன் நாற்காலி வந்த கதை

நீங்கள் உள்ளே வந்தபோது நான் எழுந்து நிற்கவில்லை. மரியாதை தெரியாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

கொத்தளூர் சமஸ்தானத்தில் நான் ஆஸ்தான விதூஷகன். பெயர் தாண்டவமூர்த்தி. என் தொந்தியைப் பார்த்தவர்கள் அந்தப் பெயரைச் சிரிக்காமல் சொன்னதில்லை. அதனால் எனக்குப் பாதி வேலை மிச்சம். நாட்டைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு விட்டது. அரண்மனையும் மகாராஜா விருபாட்சரும் திவான் நமச்சிவாயமும் நானும்தான் பாக்கி. ஆனாலும் தினமும் சபை கூடும். ஆள நாடு இல்லாவிட்டால் என்ன, உட்கார இடம் இருந்ததே!

அந்த இடத்துக்குத்தான் வினை வந்தது. ஒருநாள் மகாராஜா சீமைப் பத்திரிகை ஒன்றில் வீட்டு அலங்காரப் படங்களைப் பார்த்துவிட்டார். வெறும் சுவர்கள், தாழ்வான நாற்காலிகள், குச்சிக் கால் மேசைகள்.

"இதுதான் மாடர்ன்! நம் மண்டபம் இப்படி ஆகவேண்டும்" என்றார்.

பம்பாய்க்கு ஆர்டர் போயிற்று. சிம்மாசனம் கிடங்குக்குப் போயிற்று. அதன் பின்னாலேயே மான் தலைகள், சரவிளக்கு, முன்னோர்களின் ஆளுயரப் படங்கள் எல்லாம் கிளம்பின. நான் வாசலில் நின்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கேலி சொல்லி வழியனுப்பினேன். வரிசையில் அடுத்தது நான் என்று எனக்கு எங்கே தெரியும்?

திவான் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு என்னைக் கண்டாலே ஆகாது.

"மகாராஜா, இந்தப் பாணிக்கு ஒரே விதிதான். பயன் இல்லாத எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது."

"சரிதான்."

"தாண்டவமூர்த்தியால் என்ன பயன்?"

மகாராஜா யோசித்தார். அவ்வளவு நேரம் யோசித்தாரே, அதுதான் எனக்கு வலித்தது.

"ஓய் தாண்டவம்! நாளைக்குச் செம்மேட்டு ராஜா நம் மண்டபத்தைப் பார்க்க வருகிறார். அவர் திரும்பிப் போவதற்குள் உம்முடைய பயனைக் காட்டும். இல்லாவிட்டால் உமக்கும் இங்கே இடமில்லை."

"கிடங்கிலாவது கிடக்கட்டுமா, மகாராஜா?"

"அது நிறைந்துவிட்டது. ஊருக்குப் போய்ச் சேரும்."

எனக்கு ஊரில் வீடு இல்லை. வேறு தொழிலும் தெரியாது. கவலையில் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். இறங்கியது. அரண்மனையில் கடைசிச் சாப்பாடு என்று இரண்டு பங்கு இறங்கியது.

மறுநாள் காலை லாரி வந்தது. எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலிகள் போட்டார்கள். புதிதாகப் பிறந்த கன்றுக்குட்டி போல நாலு காலையும் அகட்டிக்கொண்டு நின்றன. நடுவில் முந்திரிக்கொட்டை வடிவத்தில் ஒரு குட்டி மேசை. மகாராஜா உடம்பில் எனக்கு அண்ணன். ஆசையாக உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றா சொன்னேன்? இறங்கினார். முழங்கால் இரண்டும் முகவாய்க்கு வந்துவிட்டன.

"ஆகா! என்ன சுகம்!" என்றார்.

வெளியே கார் ஹாரன் கேட்டது. செம்மேட்டு ராஜா வந்துவிட்டார்! வருகிற ராஜாவை வாசல்வரை போய் எதிர்கொள்ள வேண்டும். உட்கார்ந்தபடி வரவேற்றால் தலைமுறைக்கும் பகை. மகாராஜா எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. இன்னொரு முறை உந்தினார். இன்னும் உள்ளே போனார்.

திவான் கை கொடுக்க ஓடினார்.

"தொடாதேயும்!" என்று மகாராஜா அலறினார்.

சபையில் அமர்ந்த ராஜாவை இன்னொரு ராஜாதான் தொடலாம். மற்றவர் தொட்டால் பட்டம் போயிற்று. திரும்பவும் பட்டாபிஷேகம் செய்ய வேண்டும். இந்தக் காலத்தில் யார் செய்து வைப்பார்கள்? திவானுக்கு வியர்த்துவிட்டது. எனக்கும்தான். ஆனால் எனக்கு வியர்த்தால்தான் மூளை வேலை செய்யும். வாசலுக்கு உருண்டு ஓடினேன்.

செம்மேட்டு ராஜா மீசையை முறுக்கினார். "எங்கே உங்கள் மகாராஜா?"

"மண்டபத்தில் காத்திருக்கிறார், மகாராஜா. வாசலில் நின்று கும்பிடுவதெல்லாம் பழைய பாணி. மாடர்ன் மண்டபத்தில் விருந்தாளியும் முதலில் உட்கார வேண்டும். பிறகு இருவரும் கைகோத்து ஒரே சமயத்தில் எழ வேண்டும். அப்போதுதான் இருவரும் சமம். தங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும், தெரியும். செம்மேட்டில் எப்போதோ தெரியும்" என்றார் அவர்.

வந்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவரும் இறங்கினார். நான் முந்திரிக்கொட்டை மேசையைக் காலால் ஓரம் தள்ளினேன்.

"கைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாதங்களை ஊன்றுங்கள். அன்பு எவ்வளவோ அவ்வளவு பலமாக இழுங்கள்!"

இழுத்தார்கள். கன்றுக்குட்டிக் கால்கள் கிரீச்சிட்டன. இரண்டு ராஜாக்களும் ஒரே சமயத்தில் எழுந்து, வயிறும் வயிறும் முட்ட, விழாமல் இருக்க ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

செம்மேட்டு ராஜாவின் கண் கலங்கிவிட்டது. "என்னை இவ்வளவு இறுக்கமாக யாரும் வரவேற்றதில்லை. எனக்கும் இதே நாற்காலிகள் வேண்டும்!" என்று விலாசம் வாங்கிக்கொண்டு போனார்.

கார் மறைந்ததும் திவான் தொண்டையைக் கனைத்தார். "எல்லாம் சரி. இவருடைய பயன் என்ன என்பது இன்னும்..."

"திவான் அவர்களே, ராஜாவை உட்காரவைக்க நாற்காலி வாங்கினீர்கள். எழுப்பிவிட ஒரு சாமான் வேண்டாமா? அதை மட்டும் வெளியே தள்ளப் பார்த்தீர்கள்" என்றேன்.

மகாராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "கொண்டு வாருங்கள் சிம்மாசனத்தை! தாண்டவம், ஆயுள் உள்ளவரை நீர் இங்கேதான். பரிசாக இந்த நாற்காலியையும் எடுத்துக்கொள்ளும்!"

அந்தப் பரிசுதான் இது. இன்று காலையில் பெருமையாக உட்கார்ந்தேன். இரண்டு ராஜாக்களை எழுப்பிவிட்ட மகா புத்திசாலி நான், என் எதிரே இன்னொரு நாற்காலி இல்லை என்பதை உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். மத்தியானச் சாப்பாட்டு மணியும் அடித்துவிட்டது. கதை கேட்டாயிற்று அல்லவா? நான் ராஜா இல்லை, தாராளமாகத் தொடலாம். கொஞ்சம் கை கொடுங்கள்.