ஒன்பதாயிரம் யானைக் கணக்கு

முன்னொரு காலத்தில், நெல்லைவிட அடைமொழிகள் அதிகமாக விளைந்த நாடொன்று இருந்தது. அதன் மன்னன் ஒருநாள் அரண்மனைப் பள்ளியை எட்டிப் பார்த்தான். கணக்கு வகுப்பில் பதினைந்து வயதுப் பிள்ளைகள் முப்பது பேரும் உட்கார்ந்தபடியே உறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆசான் அரங்கவாணர் மட்டும் விழித்திருந்தார், பேசிக்கொண்டிருந்தவர் அவர்தானே.

"பத்தே நாளில் இவர்கள் மணி அடிக்கும் முன்பே கணக்குக்கு ஓடிவர வேண்டும்!" என்றான் மன்னன்.

விகடக்காரி வேம்பிக்குச் சபையில் விழும் கைதட்டல் அரங்கவாணருக்கு நெடுநாள் நெஞ்செரிச்சல். "வேம்பி செய்வாள், மன்னா. ஆனால் ஆட்டம், பாட்டு, பலகாரம் கூடாது. அரச முத்திரை இல்லாத எதையும் படிப்பிக்கக் கூடாது. தோற்றால் மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றி எல்லை கடத்தலாம்."

முத்திரை பெற்ற கணக்கு நூல் ஒன்றே ஒன்று. எழுதியவரும் அவரே.

வேம்பி சிரித்தபடி வணங்கினாள். பதினைந்து வயதில் அவளும் கணக்குக்குப் பயந்தவள்தான். எண்ணுக்கு அல்ல, விடை தவறினால் ஆசான் சிரிக்கும் சிரிப்புக்கு. அந்தச் சிரிப்பை இடம் மாற்றினால் என்ன?

மறுநாள் பிள்ளைகளை அரண்மனை வாசலுக்கு அழைத்துப் போனாள். அங்கே முத்திரை பொறித்த கல்வெட்டில் மன்னன் புகழ் இருந்தது. பாடியவர் அரங்கவாணர்.

"'ஒரே நாழிகையில் ஒன்பதாயிரம் யானைகளை வீழ்த்திய வேந்தன்.' நாழிகைக்கு அறுபது விநாழிகை. விநாழிகைக்கு எத்தனை யானை?" என்றாள் வேம்பி.

முதன்முறையாக ஒருவரும் கொட்டாவி விடவில்லை.

"நூத்தம்பது அக்கா!"

"வாளை உருவவே அம்புட்டு நேரம் ஆகுமே! யானைங்க வரிசையில நின்னுச்சா?"

பத்தாம் நாள் மணி அடிக்கும் முன்பே வாசலில் பிள்ளைகளுக்குள் ஒரே கணக்குச் சண்டை. மன்னன் வந்தபோது அவர்களில் ஒருவனான இளவரசன் கரித்துண்டோடு தரையில் குனிந்திருந்தான்.

"அப்படின்னா எங்கப்பாவுக்கு எத்தனை கை இருந்திருக்கணும்?"

மன்னனின் முகம் சிவந்தது. "அரச நிந்தனை!" என்று குதித்தார் அரங்கவாணர்.

வேம்பி முன்னே வந்து வணங்கினாள். "முத்திரை தங்களுடையது, மன்னா. பாட்டு ஆசானுடையது. வகுத்தல் மட்டுமே பிள்ளைகளுடையது."

மன்னன் கல்வெட்டின் அந்த வரியை விரலால் தொட்டான். பிறகு மெல்லச் சொன்னான்: "உண்மையில் ஒரே ஒரு யானைதான். அதுவும் சேற்றில் தானாக வழுக்கி விழுந்தது."

"நாழிகைக்கு ஒன்னு!" என்றது பின்வரிசை. "இப்பச் சரியா வருது!"

மன்னன் சிரித்தான். ஒன்பதாயிரம் யானைகளைத் தலையிலிருந்து இறக்கிவைத்தவன்போல, கண்ணில் நீர் வரச் சிரித்தான். அரங்கவாணர் கையில் ஓர் உளியைக் கொடுத்தான்.

"எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது யானைகளைக் கழித்துவிட்டு வாரும், ஆசானே. வேம்பிக்கு நூறு பசுக்கள் பரிசு!"

முப்பது குரல்கள் ஒன்றாக எழுந்தன:

"அக்கா, எண்ணி வாங்குங்க!"