நிமிராத செடிகள்

பொதிகை மலை அடிவாரத்தில் சின்னதாக ஒரு மடம். அதன் குரு வடிவம்மை. அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தைப்பூசத்தன்று உபதேசம் வாங்க வருகிறவர் எதிலும் சாயாமல், முதுகு வளையாமல் ஒரு நாழிகை உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தவருக்குத்தான், எதிரே அமர்ந்திருக்கும் குரு காதில் மந்திரம் சொல்வார். வடிவம்மைக்கு முன்னால் இருந்த குரு வைத்த விதி அது.

சீடர்களில் உச்சிமாகாளிக்கு வயது அறுபது. குருவைவிடவே இருபது வயது மூத்தவர். நாற்பது வருஷம் அரிசிக் கிட்டங்கியில் மூட்டை சுமந்தவர். முதுகு வில்லாக வளைந்து அப்படியே நின்றுவிட்டது. மூன்று தைப்பூசத்துக்கு உட்கார்ந்து பார்த்தார். மூன்று தடவையும் கால் நாழிகை தாண்டவில்லை. முன்னால் சரிந்து கையை ஊன்றிவிட்டார்.

நாளைக்கு நாலாவது தைப்பூசம்.

மடத்து இளசுகள் நல்ல பிள்ளைகள்தான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "அண்ணாச்சி, மூட்டையை இன்னுமா இறக்கி வைக்கல?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவரும் கூடவே சிரிப்பார். அன்று காலையில் சிரிக்கவில்லை. நேரே குருவிடம் போய் நின்றார். ஊருக்கே போய்விடுகிறேன், தோட்டத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

வடிவம்மை ஏன் என்று கேட்கவில்லை. போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"போங்க அண்ணாச்சி. போறதுக்கு முன்னால ஒரு வேலை. நாளைக்குப் பூசத்துக்கு ஊர் ஆள் வரும். தோட்டத்துல தன் தண்டுல நிமிர்ந்து நிக்காத செடி எதுவும் இருக்கக் கூடாது. பிடுங்கிப் போட்டுட்டுப் போங்க."

அவ்வளவும் அவர் கையால் வைத்த செடிகள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

வெயில் சாயும் நேரத்துக்குத் திரும்பி வந்தார். வேட்டியெல்லாம் மண். ஒரு கை மூடியிருந்தது.

"பிடுங்கியாச்சா?"

"இல்லம்மா."

"வல்லாரை தரையோட தரையாத்தான கிடக்கு?"

"கிடக்கு. ஆனா தண்டு ஓடுற வழியெல்லாம் கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கு. இழுத்தா வாய்க்கால் கரையே கூட வருது. விட்டுட்டேன்."

"வெத்திலைக் கொடி?"

உச்சிமாகாளி தலையைச் சொறிந்தார். "அது அகத்தியைப் பிடிச்சுத்தான் ஏறும். பிடியை எடுத்துவிட்டுப் பார்த்தேன். துவண்டு போச்சு. மனசு கேக்கல. மறுபடி கட்டிட்டு வந்தேன்."

"பிரண்டை வேலி மேல சாஞ்சுதான கிடக்கு? அதையாவது பிடுங்கியிருக்கலாமே."

சித்திரை வெயிலில் தோட்டமே காய்ந்து கிடக்கும்போது அது ஒன்றுதான் பச்சையாக இருக்கும் என்றார். தண்ணீரைத் தண்டுக்குள்ளேயே வைத்திருக்கிறது, அந்தத் தண்டைத்தானே துவையல் அரைத்து எல்லோரும் சாப்பிடுகிறோம் என்றார். தனக்காக ஒரு வார்த்தை பேசாத மனிதர் பிரண்டைக்காக இவ்வளவு பேசினார்.

வடிவம்மை அவருக்கு மோர் ஊற்றிக் கொடுத்தாள். குடித்து முடித்ததும் மூடிய கையைப் பார்த்துக் கேட்டாள்.

"கையில என்ன?"

"மஞ்சள். இலை காஞ்சு சரிஞ்சு கிடந்தது. இதையாவது எடுப்போம்னு ஒரு தூர் மட்டும் எடுத்தேன்."

கையை விரித்தார். மண் ஒட்டிய கிழங்கு ஒன்று இருந்தது. வளையம் வளையமாக அதன் மேல் ஓடிய கோடுகளை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இத்தனை வருஷமா இதை வேருன்னே நெனச்சிட்டிருந்தேம்மா. பாருங்க, கணு இருக்கு. கணுவுல முளை இருக்கு. வேருல ஏது கணு? இதுதான் அதோட தண்டு. அடுத்த வருஷத்துக்கு வேண்டியதெல்லாம் சேர்த்து வச்சிக்கிட்டு மண்ணுக்குள்ள படுத்திருக்கு. ஒரு நாளும் நிமிர்ந்ததில்ல. அதைப் போய் நிமிருன்னு எப்படிச் சொல்ல?"

"செடியையெல்லாம் விட்டுட்டீங்க. நீங்க மட்டும் போறீங்க."

உச்சிமாகாளி தலையை ஆட்டினார். "செடி கதை வேறம்மா. விதின்னு ஒண்ணு இருக்கே. நிமிராதவன் காது உங்க வாய்க்கு எப்படி எட்டும்?"

வடிவம்மை அந்தக் கிழங்கை வாங்கி மண்ணைத் துடைத்தாள். எங்கும் ஒரு கீறல்கூட இல்லை.

"மண்வெட்டியாலயா இதை எடுத்தீங்க?"

"ஐயோ, வெட்டுப்பட்டுரும்மா. தரையில முழங்காலை ஊணி, கையாலயே மண்ணை விலக்கித்தான் எடுத்தேன்."

"நாளைக்கு உங்க காதுகிட்ட நானும் முழங்காலை ஊணிக்கிடுதேன், அண்ணாச்சி."