எந்தக் காலை முதலில் வைப்பீர்கள்?

கோடை வந்தால் ஒரே ஒரு குட்டையில் மட்டும் தண்ணீர் நிற்கும் காடு ஒன்று இருந்தது, பிள்ளைகளே. அந்தக் குட்டையை நம்பி ஒரு புள்ளிமான் கூட்டம். பக்கத்துப் புதரை நம்பி ஒரு சிறுத்தை. சிறுத்தை தின்றுபோட்ட மிச்சத்தை நம்பி ஒரு கழுதைப்புலி. அவன் பெயர் கடைவாயன்.

மான்கள் தண்ணீர் குடிக்க ஒரு முறை வைத்திருந்தன. இரண்டிரண்டாகச் சேர்ந்துகொள்ளும். ஒன்று குனிந்து குடிக்கும்போது மற்றது தலை நிமிர்ந்து காவல் நிற்கும். புதர் அசைந்தால் ‘ஆவ்!’ என்று ஒரு குரல், அவ்வளவுதான், கூட்டமே ஓடிவிடும். சிறுத்தைக்கு வயிறு ஒட்டிப்போனது. கடைவாயனுக்கு அதைவிட.

அந்தக் கூட்டத்தில் கூர்க்காதி என்றொரு பெண்மான். சருகு விழுந்தால்கூடச் சந்தேகப்படுவாள். பாவம், பால் மறக்காத குட்டியை வைத்திருப்பவள் வேறென்ன செய்வாள்? அவளுக்குக் காவல்துணை பொட்டழகி.

ஒருநாள் கடைவாயன் எட்ட இருந்த மேட்டில் வந்து மரியாதையாக உட்கார்ந்தான்.

“அக்கா, சும்மா ஒரு ஆராய்ச்சி. தண்ணியில முதல்ல எந்தக் காலை வைப்பீங்க?”

“உனக்கெதுக்கு அது?” கூர்க்காதி காதை விடைத்தாள்.

“சொல்ல இஷ்டமில்லேன்னா விடுங்க” என்று அவன் போய்விட்டான்.

சந்தேகம் சரியான ஆள்மேல்தான் வந்தது. ஆனால் அங்கேயே நின்றதா? அதுதான் இல்லை. அன்று குனியும்போது கூர்க்காதி தன் காலைப் பார்த்தாள். வலது கால். பொட்டழகியின் காலைப் பார்த்தாள். இடது. அட, இத்தனை நாளும் இது கண்ணில் படவே இல்லையே!

“நீ எப்பவும் இடது காலா?”

“ஆமா, அதுக்கென்ன இப்போ?”

“ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்.”

சும்மா கேட்டது சும்மா போகவில்லை. பொழுது சாய்வதற்குள் கூட்டமே கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. வலதுகாலி, இடதுகாலி என்று பெயரும் வைத்தாயிற்று. “நல்ல காரியத்துக்கு வலது காலைத்தானே வைப்பாங்க?” என்றன சில. “இவங்களுக்குத் திமிரைப் பாரு!” என்றன சில.

கடைவாயன் திரும்ப வந்தான். “நான் ஒண்ணும் சொல்லலேக்கா. இடதுகாலிங்க நல்ல தண்ணியைத் தங்களுக்கே வெச்சுக்கப் போறாங்களாம். காதுல விழுந்துச்சு.” இதையே அந்தப் பக்கமும் போய், பெயரை மட்டும் மாற்றிச் சொன்னான்.

வலதுகாலிகள் ஒரு கரை, இடதுகாலிகள் மறுகரை என்று ஆனது. காவலும் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் காவல் நின்ற மான்கள் புதரைப் பார்க்கவில்லை. எதிர்க்கரையைப் பார்த்தன. கூர்க்காதியோ பொட்டழகியை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

ஒரு நண்பகலில் எதிர்க்கரையிலிருந்து பொட்டழகியின் குரல் வந்தது.

“ஆவ்! கூர்க்காதி, உன் பின்னால! ஓடு!”

குட்டி துள்ளியது. கூர்க்காதி காலைக் குறுக்கே நீட்டி மறித்தாள். “நில்லுடா! நம்மளை விரட்டிட்டு இந்தக் கரையையும் பிடிக்கப் பாக்குறா.”

“சித்தி பொய் சொல்ல மாட்டாங்கம்மா!” என்று குட்டி அவள் வயிற்றுக்கடியில் நுழைந்து, தண்ணீரில் பாய்ந்து, எதிர்க்கரைக்கு ஓடியது.

அதைப் பிடிக்க அவள் சட்டென்று திரும்பினாள். ஒரு நொடி முன்பு அவள் கழுத்து இருந்த இடத்தில் சிறுத்தை வந்து விழுந்தது. கழுத்துக்கு வைத்த குறி தப்பி, நகம் அவளுடைய வலது முன்னங்காலைக் கிழித்தது. எப்படித் தண்ணீரைக் கடந்தாள், எப்படிக் கரையேறினாள், அவளுக்கே தெரியாது. அங்கே குட்டி பொட்டழகியை ஒட்டி நடுங்கிக்கொண்டு நின்றது. நான் மறித்த மறிப்பில் அது நின்றிருந்தால்? அப்படி நினைத்தவள் குட்டியை விடாமல் நக்கிக்கொடுத்தாள்.

காயம் கொஞ்சம் ஆறியதும், நொண்டிக்கொண்டே தன் பழைய கரைக்குத் தண்ணீர் குடிக்க வந்தாள். வலது கால் ஊன்றவில்லை. இடது காலை வைத்தாள்.

“பாத்தியா, இடது காலை வைக்கிறா! அவங்களோட சேந்துட்டாளோ?” என்று வலதுகாலிகள் கிசுகிசுத்தன.

“பாவிகளா! காலைப் பாத்தீங்களே, காயத்தைப் பாத்தீங்களா?” என்று அவள் கத்தினாள். கத்திய பிறகுதான், தானும் இத்தனை நாள் பொட்டழகியை இப்படித்தானே பார்த்தோம் என்று உறைத்தது. அவமானமாக இருந்தது.

பக்கத்தில் வந்து நின்றது யார்? பொட்டழகிதான்.

“நீ குடி. நான் புதரைப் பாத்துக்கிறேன்.”

மேட்டிலிருந்து பழைய குரல் கேட்டது. “அக்கா, இப்போ நீங்க எந்தக் காலு?”

கூர்க்காதி தலையைத் தூக்கினாள். “கிட்ட வாடா. எந்தக் காலால உதைக்கிறேன்னு நீயே பாத்துச் சொல்லு.”

கடைவாயன் காலி வயிற்றோடு இடத்தைக் காலி செய்தான்.

நீதி: உன் கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கும் கேள்வி வந்தால், பதில் தேடாதே, கேட்பவனின் வயிறு எதனால் நிறையும் என்று பார்.