ராயர் பிரித்த இலைப்பொட்டலம்

முன்னொரு காலத்தில், எந்தக் காலம் என்று என்னைக் குடையாதீர்கள், கொடுமலை நாட்டைத் தீரவல்லவன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. மாம்பழம் என்றால் மட்டும் நாள் முழுக்க ஒரே புத்தி.

ஒருநாள் அரண்மனைத் தோப்பில் உலாவும்போது, மாமரத்து முசுறு எறும்பு ஒன்று ராஜாவின் மூக்கைப் பதம் பார்த்துவிட்டது. அவ்வளவுதான், தாம்தூம் என்று குதித்தான். கூட வந்த அரண்மனை அதிகாரி வில்வராயர் சும்மா இருப்பாரா? தோப்புக்காரி சிட்டாயியை ராஜா மெச்சுவது அவருக்கு வெகுநாளாகவே பொறுக்கவில்லை.

"பிரபு, இவள் மரமா வளர்க்கிறாள்? எறும்பு வளர்க்கிறாள்! தோப்பை என்னிடம் விடுங்கள், புகைபோட்டு ஒழித்துவிடுகிறேன்."

சிட்டாயி முன்னால் வந்தாள். "மகாராஜா, அதுங்கதான் என் காவல்காரங்க. தத்துப்பூச்சி பூவுல சாற்றை உறிஞ்சும். முசுறு அந்தப் பூச்சியைத் தின்னும். அதுங்க சண்டையிலதான் நமக்குப் பழம்."

"என்னைக் கடித்ததற்கு வக்காலத்தா?" என்று சீறினான் ராஜா. "ராயருக்கு நூறு மரம். ஓரத்து ஒற்றை மரம் உனக்கு. சித்திரையில் பழம் கொண்டுவருபவருக்கே தோப்பு. நீ தோற்றால் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போ!"

"சரிங்க" என்றாள் சிட்டாயி. அழவில்லை, கெஞ்சவில்லை.

ராயர் நூறு மரத்துக்கும் புகை போட்டார். தை மாதம் பூ வந்தது, பின்னாலேயே தத்துப்பூச்சி படை படையாக வந்தது. தட்டிக்கேட்க ஆளில்லை. பூவெல்லாம் கருகிக் கொட்டியது. சிட்டாயி மரத்திலோ கிளை தாங்காத காய்!

பழுத்ததும் ராயர் என்ன செய்தார் தெரியுமா? அவள் தண்ணீருக்குப் போன மத்தியானம், ஆள் வைத்துத் தொரட்டியால் மரத்தையே வழித்துவிட்டார். பாவி மனுஷன்!

மறுநாள் சபையில் ராயரின் கூடை நிறையப் பழம், மேலே ஈரத்துணி. சிட்டாயி வெறுங்கையோடு வந்தாள்.

"கிளம்பு!" என்றார் ராயர்.

"கிளம்புறதுக்கு முன்னால கூடையைப் பார்த்துக்கிறேன்" என்று துணியை விலக்கினாள். பழங்களுக்கு நடுவே, இலைகளை ஒட்டித் தைத்தாற்போல ஓர் உருண்டை. அவள் முகம் மலர்ந்தது. "ராயரய்யா, ஒரு பழத்தை இலையில பொட்டலம் கட்டியே வெச்சிருக்கீங்களே! உங்க தோப்புப் பழம்தானே?"

"சந்தேகமென்ன? ஓர் எறும்புகூட இல்லாத என் மரத்துப் பழம்!"

"அப்போ அதை உங்க கையாலயே பிரிச்சு மகாராஜாவுக்குக் கொடுங்க."

தோப்பு வேலை தெரிந்தவன் அதைத் தொடுவானா? ராயர் பெருமையாக எடுத்துப் பிரித்தார். உள்ளிருந்து முசுறுகள் முழங்கை வரை ஏறின! "ஐயோ! அம்மா!" என்று சபை நடுவில் ராயர் ஆடிய ஆட்டத்தில் தலைப்பாகை எகிறித் தூணடியில் விழுந்தது.

சிட்டாயி நிதானமாகக் கேட்டாள்: "உங்க மரத்துலதான் எறும்பே இல்லையே, இது யார் மரத்துக் கூடு?"

ராஜாவுக்கு முதலில் கோபம், அப்புறம் வெட்கம், கடைசியில் சிரிப்பு.

"தோப்பு உனக்கே, சிட்டாயி. ராயரே, நூறு மரத்துக்கும் நீரே உம் கையால் முசுறுக் கூடு கொண்டுபோய்க் கட்டும்!" என்றான். பிறகு மூக்கைத் தடவிக்கொண்டு, "இனி நான் வந்தால் அது கடிக்காதல்லவா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"கடிக்கும் மகாராஜா" என்றாள் சிட்டாயி. "அதுங்க வேலையே அதுதானே. நீங்கதான் கொஞ்சம் தள்ளி நிக்கணும்."