துணிப்பையில் இருந்த ஸ்பூன்

வடக்கே வெகுதூரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பக்கத்திலேயே ஒரு சத்திரம். பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்க வந்த நம் ஊர்த் தாய்மார்கள் அங்கே தங்கியிருந்தார்கள். டாக்டருக்கும் நர்சுக்கும் தமிழ் தெரியாது.

காலையில் துணி காயும் மொட்டைமாடியில் ரெஜினா இவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருவாள். சத்திரத்துச் சமையலறையில் வேலை பார்ப்பவள். இருபத்தேழு வயசு. புத்தகம் கிடையாது, பலகை கிடையாது. ஒரு துணிப்பைதான். அதிலிருந்து ஒரு சாமானை எடுத்துப் பெயர் சொல்வாள். சாமான் கை மாறிப் போகும். எல்லாரும் பிடித்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் பைக்குத் திரும்பும்.

“ஸ்பூன்.”

“சோப்பு, பக்கெட்டு, ஸ்பூனு. பாதி இங்கிலீஷ் எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. ஒருத்தரும் சொல்லலையேடி!” என்றாள் பூவாயி.

எல்லாரும் சிரித்தார்கள். அழகுமணி சிரிக்கவில்லை. அவளுடைய ஏழு வயசு மகள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள்.

பாடம் முடிந்து மற்றவர்கள் இறங்கிப் போனார்கள். அழகுமணி போகவில்லை.

“டீச்சர், எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிக் குடுங்க. எம் பொண்ணு பொழைப்பாளான்னு எப்படிக் கேக்கறது?”

“அதைக் கையில எடுத்துக் காட்ட முடியாதே அக்கா.”

“பத்து மணிக்கு டாக்டர் வர்றாரு. என்னமோ சொல்றாரு. நானும் தலையாட்டறேன். எதுக்கு ஆட்டுனேன்னு எனக்கே தெரியல.”

இடுப்பிலிருந்து ஒரு சின்னச் சீப்பை எடுத்து நீட்டினாள்.

“இத வச்சுக்கங்க. பாடத்துக்கு ஆவும். அவ தலையிலதான் ஒரு முடி இல்லையே.”

ரெஜினா சீப்பை வாங்கவில்லை. பையை எடுத்துத் தரையில் கவிழ்த்தாள். டம்ளர், ஒத்தைச் செருப்பு, ரிப்பன், குல்லா, ஸ்பூன்.

“எல்லாம் சின்னப் பிள்ளைங்க சாமானா இருக்கே. யாருது?”

“ஊருக்குத் தனியாத் திரும்பிப் போன அம்மாங்க விட்டுட்டுப் போனது.”

அழகுமணியின் கை ஸ்பூன் மேல் இருந்தது.

“இது?”

“எம் மவனோடது.”

அழகுமணி கையை எடுத்துக்கொண்டாள். மெதுவாகக் கேட்டாள்.

“நீங்க டாக்டர்கிட்ட கேட்டீங்களா டீச்சர்?”

“கேட்டேன். அதுக்குன்னே இங்கிலீஷ் கத்துக்கிட்டு, ஒரு தப்பில்லாமக் கேட்டேன். அவர் சொன்னதும் ஒரு வார்த்தை விடாமப் புரிஞ்சிச்சு. அதுக்கப்புறம் பதினோரு நாள் இந்த ஸ்பூன்லதான் ஊட்டுனேன். ஒரு வாய்கூட அவன் மூஞ்சியப் பாத்து ஊட்ட முடியல.”

கீழே பத்து மணி அடித்தது.

“இப்பச் சொல்லுங்க அக்கா. சொல்லித் தரட்டுமா?”

அழகுமணி சீப்பை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள். டாக்டரைப் பார்க்க எழுந்திருக்கவில்லை.