மந்திரிகள் குடித்த பால்

ஏரிக்கரையில் ஓட்டை விழுந்து ஊருக்குள் தண்ணீர் வந்தது. என்ன செய்வதென்று தெரியாத பாளையக்காரர், சமையற்காரி அரியநாச்சியிடம் ஒரு மூட்டை கஞ்சா இலையைக் கொடுத்தார்.

"இதைப் பாலில் அரைத்துக் கலந்து மந்திரிகளுக்குக் கொடு. யோசனை பிறக்காவிட்டால் உன் தலை போகும்!"

எல்லோரும் குடித்தார்கள், பாளையக்காரரும்தான்.

"ஊரைத் தூக்கி மேட்டில் வைப்போம்" என்றார் ஒரு மந்திரி.

"தண்ணீரைக் குடிக்கச் சொல்லி மீன்களுக்கு உத்தரவு போடுவோம்" என்றார் இன்னொருவர்.

"பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை போட்டால், எதில் போவதென்று தண்ணீர் குழம்பிவிடும்" என்றார் மூன்றாமவர்.

பாளையக்காரருக்குத் தலை கிறுகிறுத்தது. "அடியே, கஞ்சாவை அதிகமாகப் போட்டுவிட்டாயா?"

"போடவே இல்லை சாமி. அந்த மூட்டையைத்தான் ஓட்டையில திணிச்சு அடைச்சுட்டு வந்தேன். நீங்க குடிச்சது வெறும் பால்."

"அப்புறம் எனக்கு ஏன் தலை சுற்றுகிறது?"

"இவங்க பேச்சைக் கேட்டா யாருக்குத்தான் சாமி சுத்தாது?"